துச்சில்: தமிழிலக்கியத்தில் குடிக்கூலி வீடு

தோற்றுவாய்

நம் அணுசக்தி நகர்க் குடியிருப்பில், பணி ஓய்வு பெற்ற ஒரு பெரியவர் வீட்டைக் காலி செய்த நாளில் நாமும் உடனிருந்தோம். முப்பது ஆண்டுகளுக்கு மேல் அவர் வாழ்ந்த வீடு அது. பீரோவும் கட்டிலும் வண்டியில் ஏறிவிட்டன. சாவியை ஒப்படைக்கும் நேரம் நெருங்கியபோதும் அவர் துணைவியார் சுவரில் இருந்த ஆணிகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கிக்கொண்டிருந்தார். படங்கள் மாட்டிய ஆணி, நாட்காட்டி தொங்கிய ஆணி, மகனின் பள்ளிப் பை தொங்கிய ஆணி. இறுதியாக அவர் சமையற்கட்டுக் கதவு நிலையின் முன் நின்றார். பிள்ளைகள் இருவரின் உயரத்தையும் ஆண்டுதோறும் குறித்து வைத்த பென்சில் கோடுகள் அங்கே இருந்தன. துணியை நனைத்துக் கையில் எடுத்தவர் துடைக்கவில்லை. "வெள்ளையடிக்கிறப்ப அதுவாப் போயிடும், நீ வா" என்றார் பெரியவர்.

யார் மீதும் குறை சொல்வதற்கில்லை. குடியிருப்பு பணியில் இருப்போர்க்கு உரியது. அடுத்த வரிசையில் இளங்குடும்பம் ஒன்று காத்திருக்கும். ஒரு நாள் நாமும் அப்படிக் காத்திருந்தவர்களே. ஆயினும் அந்தக் கோடுகள் நம் மனத்தை விட்டு அகலவில்லை. நம்முடையது அல்லாத வீட்டில் நம்முடைய வாழ்க்கை முழுவதும் நடந்துவிடுகிறதே, இதனைத் தமிழிலக்கியம் எங்ஙனம் கண்டிருக்கிறது என்னும் வினா அன்று எழுந்தது. அவ்வினாவுக்கு விடை தேடும் முயற்சியே இக்கட்டுரை.

வீட்டைப் பற்றி எழுதும் திறனாய்வாளர் பெரும்பாலும் பிறந்த வீடு, புகுந்த வீடு, பாட்டன் கட்டிய வீடு என்ற வரிசையிலேயே சிந்தனையை ஓட்டுவர். குடிக்கூலி வீடு அவர்களுக்கு வறுமையின் அடையாளம், அல்லது நகைச்சுவைக்குரிய களம். இக்கருத்து மறுபரிசீலனைக்கு உரியது என்பது நம் துணிபு. மனிதரை மனிதர் ஏற்கிறாரா என்னும் தேர்வு, தமிழின் சிறந்த ஆக்கங்கள் பலவற்றில், பிறர் வீட்டின் கூரைக்குக் கீழேதான் நடந்திருக்கிறது.

சொல்லும் பொருளும்

திருக்குறளின் நிலையாமை அதிகாரத்தில் இறுதிக் குறள் இரண்டு அரிய சொற்களை எதிரெதிரே நிறுத்துகிறது. ஒன்று 'புக்கில்', மற்றொன்று 'துச்சில்'. புகுந்தபின் நிலைத்திருக்கும் இல்லம் புக்கில். பிறர் இடத்தில் ஒதுங்கியிருக்கும் இல்லம் துச்சில். உடம்பில் ஒதுங்கிக் கிடக்கும் உயிருக்கு நிலையான வீடு இன்னும் அமையவில்லையோ என்று வள்ளுவர் இரங்கிக் கேட்கிறார். அவர் பேசுவது உயிரின் நிலையாமை. ஆயினும் அந்த உவமை பொருள்படவேண்டுமானால், கேட்போர் ஒதுக்குக் குடியிருப்பின் உள்ளுணர்வை அறிந்தவராதல் வேண்டும். பிறர் வீட்டில் ஒண்டியிருப்பதன் கூச்சம் அக்காலத் தமிழர்க்கும் தெரிந்தே இருந்தது என்பதற்கு இக்குறளே சான்று.

பின்வந்த வழக்குகளிலும் இவ்வனுபவம் படிந்திருக்கிறது. குடிக்கூலி என்பது பழைய சொல். குடியிருப்பதற்குத் தரும் கூலி என்னும் நேர்பொருள் அதில் துலங்குகிறது. ஒண்டுக்குடித்தனம் என்னும் சொல்லில் உடலைச் சுருக்கிக்கொண்டு நிற்கும் தோற்றமே தெரிகிறது. சென்னையின் 'ஸ்டோர்' வீடுகளும் 'போர்ஷன்'களும் அங்குள்ளோர் சொற்களாயின. நாம் இங்கு வந்தபின் 'சால்', 'கோலி', 'பகடி' ஆகிய சொற்களைக் கற்றோம். ஊரிலிருந்து வரும் உறவினர்க்கு இச்சொற்களை விளக்கும்போதெல்லாம், நாம் எத்தகைய வாழ்க்கைக்குள் வந்திருக்கிறோம் என்பதை நமக்கே விளக்கிக்கொண்டோம்.

'வீடு' என்னும் சொல்லின் பிறப்பும் எண்ணத்தக்கது. கெடு என்பது கேடு ஆவதுபோல், விடு என்பது வீடு ஆயிற்று. இலக்கணம் இதனை முதனிலை திரிந்த தொழிற்பெயர் என்னும். விடுதல் என்னும் பொருள் வீட்டிற்குள்ளேயே இருக்கிறது. இதனை முடிவுரையில் மீண்டும் கருதுவோம்.

சிலம்பில் ஓர் இரவல் இல்லம்

அயலூரில் வீடு தேடிய இளந்தம்பதியரின் கதையைத் தமிழ் மிகப் பழங்காலத்திலேயே பாடிவிட்டது. கோவலனும் கண்ணகியும் புகாரை விட்டு மதுரைக்கு வருகின்றனர். கையில் பொருள் இல்லை, கண்ணகியின் சிலம்புகள் மட்டும் உண்டு. ஊரில் தெரிந்தவர் எவரும் இலர். அவர்களை அறிமுகம் செய்து நற்சொல் கூறக் கவுந்தியடிகள் இருக்கிறார். இடம் கொடுக்க ஆயர்குலத்து மாதரி முன்வருகிறாள். அடைக்கலக் காதையும் கொலைக்களக் காதையும் இவ்வகையில் ஒரு குடியேற்றத்தின் கதை.

இளங்கோவடிகள் இவ்வில்லத்தை விரிவாகவே காட்டுகிறார். செம்மண் பூசிய சிறிய வீடு, முன்னே பந்தல், காவலுக்கு வேலி. ஆயர் மனைகளின் நெருக்கத்திலிருந்து ஒதுங்கிய தனியிடம். மாதரி தன் மகள் ஐயையைக் கண்ணகிக்குத் துணையாக்குகிறாள். வந்தவர் சாவக நோன்பு உடையவர், பகலில் உண்பவர் என்று அறிந்து, அதற்கேற்ற நல்ல கலங்களையும் அரிசியையும் காய்கனிகளையும் தருவிக்கிறாள்.

இங்கே நின்று எண்ண வேண்டும். மாதரி ஆயர்குலம், வந்தோர் வணிகர்குலம். சமயமும் உணவுமுறையும் வேறு. குடிவருவோர் தன் வழக்கத்திற்கு மாறவேண்டும் என்று அவள் நிபந்தனை விதிக்கவில்லை. அவர்களின் வழக்கத்தை அறிந்து தன் ஏற்பாட்டை அதற்கேற்ப அமைத்துக்கொள்கிறாள். இன்று செம்பூரிலோ மாட்டுங்காவிலோ, சென்னையின் மயிலாப்பூரிலோ வீடு தேடிச் சென்ற எவரும் முதலில் எதிர்கொள்ளும் வினாக்கள் யாவை? "என்ன ஆளுங்க? சைவமா?" என்பனவே. அவ்வினாக்களின் நடுவே நின்று நோக்குங்கால், மாதரியின் மனையறம் எவ்வளவு உயர்ந்தது என்பது புலனாகும்.

மற்றொரு நுட்பமும் உண்டு. புகாரில் கண்ணகிக்குத் தனி மனை இருந்தது. பெற்றோர் செல்வத்தோடு அமைத்துத் தந்த மனை அது. அங்கே அவள் கணவனுக்குச் சமைத்துப் பரிமாறிய காட்சியைக் காப்பியம் விரித்துக் காட்டவில்லை. காய் அரிந்து விரல் சிவந்ததும், முகம் வியர்த்ததும், ஐயை தீமூட்ட உதவியதும், வாழை இலையிட்டுக் கோவலனை உண்பித்ததும் மாதரி தந்த சிற்றிலில்தான். சொந்த மாளிகையில் கிட்டாத இல்லறம் அயலார் குடிலில் ஒரே ஒரு வேளை கிட்டுகிறது. உண்டு எழுந்தவன் சிலம்பை எடுத்துக்கொண்டு கடைத்தெருவுக்குச் செல்கிறான். அதன்பின் நேர்ந்தது தமிழர் யாவரும் அறிந்ததே.

மாதரிக்கு என்ன ஆயிற்று என்பதைப் பலர் மறந்துவிடுகிறோம். அடைக்கலமாகப் பெற்றவர்களைக் காக்கத் தவறினோமே என்று அவள் தீயில் புகுந்த செய்தியை நீர்ப்படைக் காதையில் மாடலன் சொல்கிறான். கொலைக்கும் அவளுக்கும் தொடர்பே இல்லை. ஆயினும் தன் கூரைக்குக் கீழ் வந்தவரின் உயிர் தன் பொறுப்பு என்று அவள் கருதினாள். கூலி பெறாத அவள் பூண்ட பொறுப்பு அத்தகையது. குடிக்கூலி இலக்கியத்துக்கெல்லாம் மாதரியே அளவுகோல் என்று நாம் கொள்ளலாம்.

புதுமைப்பித்தன் கண்ட பட்டணம்

இருபதாம் நூற்றாண்டில் மாதரிகள் அருகிவிட்டனர், பட்டணங்கள் பெருகின. இம்மாற்றத்தை முதலில் கூர்ந்து கண்டவர் புதுமைப்பித்தன். 1906இல் பிறந்து 1948இல் மறைந்த அவரது குறுகிய வாழ்வில் சென்னையின் வாடகைக் குடித்தனம் பெரும்பகுதியைப் பிடித்திருந்தது.

'செல்லம்மாள்' கதையில் பிரமநாயகம் பிள்ளை துணிக்கடை ஊழியர். தென்பாண்டி நாட்டிலிருந்து பிழைக்க வந்தவர். வருவாய்க்கு ஏற்ற வாடகை கருதி நகரின் நெருக்கத்திற்கு வெளியே குடித்தனம் வைத்திருக்கிறார். செல்லம்மாள் நோயாளி. ஊருக்கு ஒருமுறை போய்வரவேண்டும் என்பது அவள் ஏக்கம். அந்த ஏக்கம் நிறைவேறாமலே, உற்றார் எவரும் இல்லாத ஊரில், இரவலாய்க் கிடைத்த கூரையின் கீழ் அவள் உயிர் பிரிகிறது. ஒரு மனிதர் தம் மனைவியின் உடலுக்குச் செய்யவேண்டியவற்றைத் தனியராய்ச் செய்யும் காட்சியில் புதுமைப்பித்தன் ஒரு சொட்டுக் கண்ணீரையும் நம்மிடம் வேண்டவில்லை. அவ்வடக்கமே கதையின் ஆற்றல். ஊரில் இறந்திருந்தால் தெருவே கூடியிருக்கும் என்பதை ஆசிரியர் சொல்லாமலே நாம் உணர்ந்துகொள்கிறோம். நம்மில் எத்தனை குடும்பங்கள் இப்பட்டினத்தில் முதல் சாவை இப்படிச் சந்தித்தன என்பதை மூத்தோர் அறிவர்.

அதே ஆசிரியர் 'கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்' கதையில் வேறொரு குரலில் பேசுகிறார். மண்ணுலகைப் பார்க்க வந்த கடவுளைக் கந்தசாமிப் பிள்ளை திருவல்லிக்கேணியிலுள்ள தம் குடித்தனத்துக்கு அழைத்துச் செல்கிறார். மனைவியிடம் அவரைக் கைலாசபுரத்துப் பெரியப்பா என்று அறிமுகம் செய்கிறார். இதில் நகைச்சுவை மட்டும் இல்லை. இடநெருக்கடியுள்ள வீட்டுக்கு வரும் விருந்தாளியை உறவுமுறை சொல்லியே உள்ளே நுழைக்கவேண்டும் என்பது நம் எல்லோர்க்கும் பழகிய உத்தி. ஒரே அறையில் ஐவர் வாழ்ந்த காலத்தில் ஊரிலிருந்து வேலை தேடி வந்த இளைஞர் எத்தனை பேர் 'தம்பி' என்றும் 'மச்சான்' என்றும் நம் கூடத்தில் பாய் விரித்தனர்! கடவுளே வந்தாலும் குடித்தனக்காரன் வீட்டில் உறவுக்காரராகத்தான் வரமுடியும் என்று புதுமைப்பித்தன் கண்டுகொண்டார். செல்லம்மாள் கதையில் உறவின்மை, கந்தசாமிப் பிள்ளை கதையில் உறவைப் புனைந்துகொள்ளும் திறம். குடிக்கூலி வாழ்வின் இருபுறங்கள் இவை.

அசோகமித்திரனின் செகந்தராபாத்

நம்மைப் போலப் பணியிடக் குடியிருப்பில் வாழ்ந்தோரின் கதையைத் தமிழில் மிகச் சிறப்பாக எழுதியவர் அசோகமித்திரன். அவர் 1931இல் செகந்தராபாத்தில் பிறந்தார். தந்தை நிஜாம் ரயில்வேயில் பணியாற்றியவர். தந்தையின் மறைவுக்குப் பின் 1952இல் குடும்பம் சென்னைக்குக் குடிபெயர்ந்தது. பணிபுரிபவர் மறைந்தால் குடும்பம் ஊரையே விடவேண்டும் என்னும் நிலையை அவர் இளமையில் நேரில் கண்டவர்.

1977இல் வெளிவந்த 'பதினெட்டாவது அட்சக்கோடு' நாவலின் களம் லான்சர் பாரக்ஸ். பெயரே படைவீரர்க்காகக் கட்டப்பட்ட இடம் என்பதைச் சொல்லிவிடுகிறது. அங்கே ரயில்வே ஊழியர் குடும்பங்கள் வாழ்கின்றன. தமிழர், தெலுங்கர், முஸ்லிம்கள், ஆங்கிலோ இந்தியர் எனப் பலரும் அடுத்தடுத்த கதவுகளுக்குப் பின்னே இருக்கின்றனர். சந்திரசேகரன் கிரிக்கெட் விளையாடுகிறான், மாடு மேய்க்கிறான், கல்லூரிக்குப் போகிறான். காலமோ ஹைதராபாத் சமஸ்தானம் இந்தியாவோடு இணைவதா இல்லையா என்று கொந்தளித்த 1947, 1948ஆம் ஆண்டுகள்.

இந்நாவலின் சிறப்பைப் பலரும் அதன் வரலாற்றுப் பின்னணியில் காண்பர். நாம் அதனைச் சுவர்களில் காண்கிறோம். பணியிடக் குடியிருப்பில் அண்டை வீட்டாரை நாம் தேர்ந்தெடுப்பதில்லை. பதவி வரிசையும் ஒதுக்கீட்டுப் பட்டியலும் தேர்ந்தெடுத்துத் தருகின்றன. சாதியும் மதமும் பார்த்துத் தெரு அமைத்துக்கொண்ட ஊர்களிலிருந்து வந்தவர்களை அப்பட்டியல் ஒரே மாடிப்படியில் ஏற்றி இறக்குகிறது. அமைதிக் காலத்தில் அது கல்வி. கலகக் காலத்தில் அதே நெருக்கம் அச்சமாகிறது. அசோகமித்திரன் இரண்டையும் ஒரே குரலில், உரத்துப் பேசாமல் எழுதிச் செல்கிறார்.

நாவலின் இறுதியில் கலவரத்தின் நடுவே ஓடும் சந்திரசேகரன் அறியாத வீடொன்றுக்குள் புகுந்துவிடுகிறான். அங்கே ஒடுங்கிக் கிடக்கும் குடும்பம் அவனைக் கொல்ல வந்தவனாக எண்ணுகிறது. தன்னவரைக் காக்க ஓர் இளம்பெண் தன்னையே அவன் முன் நிறுத்துகிறாள். அவன் உள்ளம் சிதறி ஓடுகிறான். அயலார் வீட்டு வாசலைக் கடப்பது எத்துணைப் பெரிய செயல் என்பதை இதனினும் கடுமையாகத் தமிழில் எவரும் சொன்னதில்லை. மாதரி திறந்த கதவும், இங்கே அஞ்சி நடுங்கிய கதவும் ஒரே இலக்கிய மரபின் இருமுனைகள்.

1973இல் நூலான அவருடைய 'தண்ணீர்' சென்னையின் குடித்தனத் தெருவைக் காட்டுகிறது. ஜமுனா, சாயா என்னும் இரு சகோதரியரின் வாழ்வில் குடமும் அடிபம்பும் பெரும்பங்கு கொள்கின்றன. நீர் கிடைக்காத தெருவில் மானமும் நட்பும் சண்டையும் குடத்தைச் சுற்றியே நடக்கின்றன. இப்பட்டினத்தின் சால்களில் விடியற்காலைக் குழாய்க்கு விழித்துக் கிடந்த நம் தாய்மார் இந்நாவலுக்கு உரை எழுதத் தகுதி பெற்றவர்கள்.

பம்பாயும் நாஞ்சில்நாடனும்

நம் பட்டினத்துக் குடிக்கூலியின் தனித்தன்மையை அறியாமல் இங்கெழுந்த கதைகளை மதிப்பிட இயலாது. 1947ஆம் ஆண்டுப் பம்பாய் வாடகைச் சட்டம், 1940 செப்டம்பரில் இருந்த வாடகையை அடிப்படையாகக் கொண்டு வாடகையைக் கட்டுப்படுத்தியது. குடியிருப்போர்க்கு அது பெரும் காப்பு. ஆனால் உரிமையாளர் புதிதாக வாடகைக்கு விடத் தயங்கினர். பழைய வீட்டைப் பெற 'பகடி' என்னும் பெருந்தொகை கைமாறியது. வாடகை உறவே எழாதவாறு 'அனுமதி' என்னும் பெயரில் பதினொரு மாத ஒப்பந்தங்கள் தோன்றின. 1973இல் வந்த திருத்தம், அவ்வாண்டு பிப்ரவரி முதல் நாளில் அனுமதி ஒப்பந்தத்தோடு குடியிருந்தவரைக் குடிக்கூலியாளர் ஆக்கியது. அதன்பின் உரிமையாளரின் அச்சம் இன்னும் கூடியது. 1999ஆம் ஆண்டின் மகாராஷ்டிர வாடகைச் சட்டம் 2000 மார்ச் 31 முதல் நடைமுறைக்கு வந்தது. பகடிக்கும் அதில் சட்ட ஒப்புதல் கிடைத்தது. எனினும் பதினொரு மாதக் கணக்கில் சாமான் கட்டும் வாழ்க்கை தொடர்கிறது.

இச்சட்டங்களின் நிழலில் தமிழர் மூவகையாய்க் குடியமர்ந்தனர். தோல் பதனிடும் தொழிலுக்காகத் திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்தோர் தாராவியில் தம் கையாலேயே கூரை போட்டுக்கொண்டனர். அலுவலக வேலைக்கு வந்தோர் மாட்டுங்காவில் வாடகைக் கட்டடங்களில் அமர்ந்தனர். நம் போன்றோர் அரசுத் துறைகளின் குடியிருப்புகளுக்குள் வந்தோம். மூவருக்கும் இடையே இரயில் நிலையங்கள் சிலவே உண்டு. ஆயினும் ஒருவர் வீட்டை மற்றவர் கண்டது அரிது.

அந்த இடைவெளியை எழுத்தில் கடந்தவர் நாஞ்சில்நாடன். 1970களிலும் 1980களிலும் இப்பட்டினத்தில் வாழ்ந்தவர். 1986இல் வெளிவந்த 'மிதவை' நாவலில் படித்துவிட்டு வேலைக்காக ஊர்விட்டு வரும் சண்முகத்தையும், 1993இல் வந்த 'சதுரங்கக் குதிரை'யில் மணமாகாமலே வயது கடந்துவிடும் நாராயணனையும் படைத்தார். 1998இன் 'எட்டுத்திக்கும் மதயானை' பூலிங்கத்தைத் தாராவி வரை அழைத்து வருகிறது. இவர்களுக்கு அறை உண்டு, வீடு இல்லை. பலரோடு பங்கிடும் அறையில் ஒருவனுக்கு உரியது பாய் விரிக்கும் அளவே. பெற்றோர்க்குப் பணம் அனுப்பியபின் மிஞ்சுவதில் வீடு பிடிக்க முடியாது. வீடு இல்லாதவனுக்குப் பெண் கிடைக்காது. பெண் கிடைக்காதவன் அறையை விட்டு வெளியேற மாட்டான். இச்சுழலை நாஞ்சில்நாடன் புலம்பலாக்காமல் கசந்த சிரிப்போடு சொல்கிறார். நாராயணனின் தனிமைக்கு அவனுடைய தயக்கம் எவ்வளவு காரணமோ, அவ்வளவு காரணம் இப்பட்டினத்தின் இடவிலையும் ஆகும்.

நம் அண்டை மொழியும் இவ்வாழ்வைப் பாடியிருக்கிறது. பு. ல. தேஷ்பாண்டே 1958இல் வெளியிட்ட 'பட்டாட்யாச்சி சாள்' மராட்டியர் இல்லந்தோறும் அறிந்த நகைச்சுவை நூல். கிர்காவ் பக்கத்துச் சால் ஒன்றின் மாந்தரைச் சிரிக்கச் சிரிக்கக் காட்டிய ஆசிரியர், இறுதியில் அச்சால் மறையப் போவதை எண்ணிக் குரல் தழுதழுக்கிறார். நாராயணனுக்குக் கிட்டாத கூட்டத்தை அச்சால்வாசிகள் பெற்றிருந்தனர். வாடகைக் கட்டடம் மராட்டியர்க்கு ஊராகவே இருந்தது. அயலூரிலிருந்து வந்த நமக்கு அது ஊரின் காத்திருப்பு அறையாக இருந்தது. இரு இலக்கியங்களின் வேறுபாடு இங்கிருந்தே பிறக்கிறது.

சொந்த வீடு என்னும் கனவு

சொந்த வீடு கிடைத்துவிட்டால் இத்துயரம் தீருமா? இலக்கியம் எளிதில் ஆம் என்று சொல்லவில்லை. ஜெயகாந்தனின் 'ஒரு மனிதன் ஒரு வீடு ஒரு உலகம்' 1973இல் நூலாகியது. ஹென்றி, தன்னை வளர்த்த தந்தையின் பூட்டிக் கிடக்கும் வீட்டைத் தேடிக் கிருஷ்ணராஜபுரம் வருகிறான். சொத்துரிமைச் சண்டைக்குரிய வீட்டை அவன் அன்பின் உறைவிடமாக்குகிறான். வீட்டை உடைமையாக அன்றி உறவாகக் காணும் பார்வை அது. படிக்கையில் நெஞ்சம் நிறைகிறது. ஆயினும் பூட்டிய வீடு ஒன்று ஊரில் காத்திருக்கும் பேறு ஹென்றிக்கு இருந்தது என்பதை நாம் மறத்தலாகாது.

கி. ராஜநாராயணனின் 'கதவு' வேறொரு உண்மையைச் சொல்லும். குழந்தைகள் ஏறி ஆடி மகிழ்ந்த வீட்டுக் கதவைத் தீர்வை பாக்கிக்காகக் கழற்றிச் செல்கின்றனர். கதவற்ற வீட்டில் குளிர் புகுகிறது, கைக்குழந்தை இறக்கிறது. சொந்த வீடாயினும் அதன் கதவு அரசின் கையில் இருக்கிறது என்பதை ஒரு சிறுகதையின் அளவில் அவர் நிலைநாட்டிவிட்டார்.

மட்டக்களப்பில் பிறந்த பாலு மகேந்திராவின் 'வீடு' திரைப்படத்தையும் இவ்வரிசையில் சேர்க்கவேண்டும். 1988இல் திரைக்கு வந்த அப்படத்தில், குடியிருக்கும் வீட்டைக் காலி செய்யச் சொல்லப்பட்ட சுதா, வாடகைகளைக் கண்டு மலைத்து, தாத்தாவின் மனையில் வீடு கட்டத் தொடங்குகிறாள். கடன், ஒப்பந்தக்காரர், சிமெண்டு என்று ஒவ்வொரு படியிலும் தேய்கிறாள். முடிவுறாத வீட்டைக் கையால் தடவிப் பார்த்த முதியவர் மறைகிறார். மனையே அரசு கையகப்படுத்திய நிலம் என்பது பின்னர்த் தெரிகிறது. அர்ச்சனாவுக்குத் தேசிய விருது பெற்றுத்தந்த இப்படம், நடுத்தரக் குடும்பங்கள் பார்க்க அஞ்சும் கண்ணாடி. 1961இல் வெளிவந்த நைபாலின் ஆங்கில நாவலில், டிரினிடாடுத் தீவில் வாழும் பிஸ்வாஸ் கடனில் மூழ்கியேனும் தன் வீட்டில் இறக்கிறார். அதனையே வெற்றியாகக் கருதுகிறார். கடல்கடந்த இந்தியரின் ஏக்கமும் நம் ஏக்கமும் ஒன்றே.

எழுதப்படாத பக்கங்கள்

இவ்வளவு சிறப்புகளைக் கூறிய நாம் ஒரு குறையையும் கூறவேண்டும். மேற்கண்ட கதைகளில் வீடு கிடைத்தவர் துன்பம் உண்டு, வாடகை கட்ட இயலாதவர் துன்பம் உண்டு. பணம் இருந்தும் வாசலிலேயே மறுக்கப்பட்டவரின் துன்பம் நடுவிடம் பெறவில்லை. சாதிப் பெயரைக் கேட்டு முகம் மாறுவது, மதத்தின் பெயரைக் கேட்டதும் வீடு திடீரென்று 'வேறொருவருக்குப் பேசியாகிவிட்டது' ஆவது, சமைக்கும் உணவின் மணத்தை மோப்பம் பிடிப்பது ஆகியன நம் காலத்தின் கொலைக்களக் காதைகள். இவற்றைச் செய்வோர் வேற்றுமொழியார் மட்டும் அல்லர். தமிழர் வீட்டைத் தமிழர்க்கே மறுத்த நிகழ்ச்சிகளை நாம் அறிவோம். மராட்டியரோ குஜராத்தியரோ 'மதராசி' என்று சொல்லி வீடு தர மறுத்தபோது மனம் கொதித்த நாம், செம்பூரில் சொந்த வீடு வாங்கியபின் என்ன செய்தோம் என்பதை நேர்மையோடு கேட்டுக்கொள்ளவேண்டும். தாராவித் தமிழரை 'அங்கிருந்து வந்தவரா' என்று தயங்கிய வாயால் சிலப்பதிகாரம் பேசுவது பொருந்தாது.

மற்றொன்று பெண்டிரின் பக்கம். ஒதுக்கீடு ஆடவர் பெயரில், கூலிக் கழிவு அவர் சம்பளத்தில், ஆனால் வீட்டை வீடாக்கியவர் பெண்டிர். அம்பையின் 'வீட்டின் மூலையில் ஒரு சமையலறை' 1988இல் நூலானது. அதில் வீட்டின் உரிமை யாருடையது என்று பத்திரம் சொல்வதற்கும், அடுப்படியில் தேய்ந்தவர் யார் என்பதற்கும் இடையிலுள்ள பிளவு கூர்மையாகத் தெரிகிறது. அக்கதை நிகழ்வது சொந்த வீட்டில். பணியிடக் குடியிருப்பின் சமையலறையை, மாற்றலுக்குப் பின் மாற்றலாய் ஒரே அடுப்பை வெவ்வேறு சன்னலடியில் வைத்த பெண்ணின் கதையை, நம்முள் ஒருவரே எழுதவேண்டும். கதவு நிலையில் கோடிட்ட அந்த அம்மையார் எழுதியிருந்தால், ஆணிகளின் வரலாறு நமக்குக் கிடைத்திருக்கும்.

முடிவுரை

குடிக்கூலி வீட்டில் புகும்போதும் நாம் பால் காய்ச்சுகிறோம். பதினொரு மாதமே இருக்கப்போகும் வீடாயினும் பொங்கிவரும் பாலைக் கண்டு மகிழ்கிறோம். அந்நியக் கட்டடத்தின் பொது நடையில் அரிசிமாவால் சிறு கோலம் இடுகிறோம். இவற்றை வெறும் சடங்கு என்று ஒதுக்குவதற்கில்லை. உடைமைப் பத்திரம் இல்லாமலே ஓரிடத்தை இல்லமாக்கும் கலை இது. மாதரியின் சிற்றிலில் கண்ணகி அடுப்பு மூட்டியதும் இதே கலை. தமிழிலக்கியம் இக்கலையை அறிந்திருக்கிறது. பிரமநாயகம் பிள்ளையின் தனிமையிலும், கந்தசாமிப் பிள்ளையின் விருந்தோம்பலிலும், சந்திரசேகரனின் ஓட்டத்திலும், நாராயணனின் அறையிலும் அதன் பல முகங்களைக் கண்டோம்.

வீடு என்பது விடுதல் என்று இலக்கணம் சொன்னதை இப்போது கருதுவோம். சமயச் சான்றோர் அதற்கு முத்தி என்று பொருள் கொண்டனர். நம் போன்ற இல்லறத்தார்க்கு எளியதொரு பொருள் போதும். ஒருநாள் விட்டுச் செல்லவேண்டியது என்று அறிந்தே அன்போடு வாழ்வது வீடு. விட்டுச் செல்லும்போது அடுத்து வருபவர்க்குக் கதவைத் திறந்துவைப்பதும் வீடு. அவர் எவ்வூரார், எக்குலத்தார், என்ன உண்பவர் என்று கேளாமல் திறப்போமானால், மாதரியின் வழித்தோன்றல்கள் என்று சொல்லிக்கொள்ள நமக்குத் தகுதி உண்டு.

அந்தப் பெரியவர் குடும்பம் இன்று தொலைவிலுள்ள புறநகரில், வாடகைக்கு எடுத்த சிறு வீட்டில் வாழ்கிறது. அவர்கள் விட்டுச்சென்ற வீட்டுக்கு இளங்குடும்பம் ஒன்று வந்துவிட்டது. புதியவர்களைக் காணச் சென்றபோது சுவர் முழுவதும் புதுவெள்ளை அடிக்கப்பட்டிருந்தது. கதவு நிலைக்கு மட்டும் எண்ணெய்ச் சாயம் பூசாமல் விட்டிருந்தனர். கோடுகள் இருந்தன. "யாரோட பிள்ளைங்களோ, அழிக்க மனசு வரலைங்க" என்றார் அந்த இளம்பெண். அவற்றின் பக்கத்திலேயே, மிகவும் கீழே, தம் குழந்தைக்கு ஒரு புதுக்கோடு இட்டிருந்தார்.